ஐந்தாவது கையெழுத்து

என் எழுத்து சீராக இருக்காது. நாலாம் வகுப்போடு நின்றவள் நான். வரி கோணும், சொன்னதையே திரும்பச் சொல்லுவேன், நடுவில் ஒன்றிரண்டு மறந்தும் போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாம் என்றால் எனக்கு வாய் வராது. நாலு பேர் நிற்கிற இடமென்றால் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போவேன். அப்படிப்பட்ட என்னைத்தான் எங்கள் தெருவுக்கு வார்டு மெம்பர் ஆக்கினார்கள்.

எங்கள் ஊர் ஆற்றுக்குத் தெற்கே கால்வாய்க் கரையில் இருக்கிறது. டவுணுக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஊராட்சிக்கு ஒன்பது வார்டு. எங்கள் தெருவும் அதன் பின்னால் இருக்கிற சந்தும் சேர்ந்து ஒரு வார்டு. எண்ணினால் எழுபது வீடு வரும். அந்தத் தடவை எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். தெருவில் இரண்டு வகையறா. கோயில் கொடைத் திருவிழா விஷயத்தில் சண்டை வந்து, ஒரு பக்கத்தார் முகத்தில் இன்னொரு பக்கத்தார் முழிக்காமல் இருந்த சமயம். இந்தப் பக்கத்துப் பெண்ணை அந்தப் பக்கம் ஒத்துக்கொள்ளாது, அந்தப் பக்கத்துப் பெண்ணை இந்தப் பக்கம் ஒத்துக்கொள்ளாது. கடைசியில் யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

“அவ நிக்கட்டும். அவ வாயத் தொறக்க மாட்டா. சண்ட வராது.”

இரண்டு பக்கமும் சரி என்றது. என் வாயை நம்பித்தான் என்னை நிறுத்தினார்கள். எதிர்த்து யாரும் மனுப் போடவில்லை. ஓட்டுப் போடுகிற அன்றைக்கு மற்ற வார்டுக்காரர்களுக்கு ஆளுக்கு நாலு சீட்டு, ஒவ்வொன்றும் ஒரு நிறம். போட்டி இல்லாததால் எங்கள் தெருவுக்கு மட்டும் மூன்று. என் பெயர் எந்தச் சீட்டிலும் அச்சில் வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை.

மெம்பர் ஆன பிறகும் நான் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். என் கூட வருகிறவள் என் ஓரகத்தி, என் கொழுந்தனுடைய மனைவி. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான். இரண்டு பேருக்குமே புருசன் இல்லை. அவளுக்கு இரண்டு முட்டியிலும் வலி, நடவுக்குக் குனிய முடியாது. பீடி சுற்றக் கண் பற்றாது. மகன் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ஆனால் மருமகளிடம் ஒரு மாத்திரை வாங்கக்கூடக் கேட்டு நிற்க வேண்டும். நூறு நாள் வேலை இருந்ததால் அவள் கேட்காமல் இருந்தாள். அவளுக்கு அந்த வேலை என்றால் அதுதான். அது போனால் அவளுக்குப் போவதற்கு வேறு இடம் இல்லை.

ஒரு நாள் கால்வாயில் தண்ணீரை மூடிக் கிடந்த அமலைச் செடியை அரித்துப் போட்டுவிட்டு மத்தியானம் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். குழாயில் தண்ணீர் வராத வாரம் அது. ஒருத்தி ஆரம்பித்தாள்.

“நமக்காவ எத்தன பேரு இருக்காவன்னு மேல இருந்து எண்ணு பாப்பம். எம்.பி. ஒண்ணு.”

“எம்.எல்.ஏ. ரெண்டு.”

“மாவட்டத்துக்குன்னு ஒருத்தர் உண்டுல்லா, அவரு மூணு.”

“அவரு ஆம்பளையா பொம்பளையாட்டி?”

“யாரு கண்டா? மஞ்சச் சீட்டுல குத்துனேன், அம்புட்டுத்தான்.”

“யூனியனுக்கு ஒருத்தரு. பெறவு பிரசிடெண்டு. பெறவு இந்தா சோத்துல மொகத்தப் பொதச்சிக்கிட்டு இருக்காவளே, நம்ம மெம்பரு.”

“ஆறு பேரு! ஆறு பேரு இருந்தும் பைப்புல காத்துல்லா வருது.”

“அந்த ஆறு பேரும் குடிச்சது போவ மிச்சந்தான நமக்கு வரணும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் ஓரகத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் காலை நீட்டி முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஆறு பேருல எத்தன பேருக்கு ஒன் வீடு தெரியும்? இவ ஒருத்திக்குத்தான். மத்த அஞ்சு பேரும் செத்தாக்கூட ஒனக்கு டிவியில சொன்னாத்தான் தெரியும். இவ இல்லாட்டா எங்கன போயி நிப்பே?”

“இவ கிட்ட நின்னு என்னத்துக்கு? இவளே பேச மாட்டாளே.”

“பேச மாட்டா. ஆனா கேப்பா.”

அவள் சொன்னது ஓரளவுக்கு உண்மை. தெருப் பெண்கள் என்னிடம் வரும்போது நேராகச் சொல்ல மாட்டார்கள். அடுப்படி வாசலில் வந்து நிற்பார்கள். உறைமோர் கேட்பார்கள். ஊற்றிக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்திருக்கிறது, முதியோர் பணம் இரண்டு மாதமாக வரவில்லை. அவர்களும் என்னைப் போலத்தான். படியேறிப் போய் ஒரு ஆபீசரிடம் கேட்கிற பெண்கள் இல்லை. உறைமோர் கிண்ணம் கையில் இருந்தால்தான் அவர்களுக்குப் பேச்சு வரும்.

எத்தனை பேருக்கு ஒரு மெம்பர் வேண்டும் என்று படித்தவர்கள் கணக்குப் போடுவார்கள். எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான். கூச்சப்படுகிற ஒருத்தி எவ்வளவு தூரம் நடந்து போய்க் கேட்பாள்? எங்கள் தெருவில் அது பத்துப் பதினைந்து வீட்டுத் தூரம். அதற்கு மேல் போனால் அவள் கேட்க மாட்டாள், இல்லாமலே இருந்துகொள்வாள். ஆகவே ஒன்பது பேர் அதிகம் என்று யார் சொன்னாலும் எனக்கு மனது ஒப்பாது. ஆனால் நான் செய்த காரியத்தைக் கேட்ட பிறகு, ஒன்பது பேர் இருந்து என்ன கண்டீர்கள் என்று நீங்கள் கேட்கலாம்.

மெம்பராக நான் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று. குழி வெட்ட முடியாதவர்கள் வேலைக்கு வர வேண்டாம் என்று வேலைத்தளத்தில் என் ஓரகத்தியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் ஊராட்சி ஆபீசுக்குப் போனேன். வாசல் வரைக்கும் போய்விட்டு, உள்ளே ஆண்கள் உட்கார்ந்திருந்ததால் திரும்பி வந்துவிட்டேன். மறுநாளும் போனேன், திரும்பினேன். மூன்றாம் நாள் கிளார்க்கே பார்த்துவிட்டு, “என்ன மெம்பரம்மா, தெனம் வந்து வாசலப் பாத்துட்டுப் போறிய?” என்று கேட்டார். சொன்னேன். வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையை அவளுக்குப் போட்டுக் கொடுத்தார். எவ்வளவு சின்னக் காரியம். அதற்கே எனக்கு மூன்று நாள்.

இனி நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊராட்சிக் கூட்டம் என்றால் ஒன்பது பேரும் ஒரு அறையில் உட்கார்ந்து பேசுவார்கள் என்று நினைத்துத்தான் நான் முதல் தடவை நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். பிரசிடெண்டு வரவில்லை, மூன்று மெம்பர் வந்திருந்தார்கள், காப்பி குடித்துவிட்டுக் கலைந்துவிட்டோம். அதற்குப் பிறகு கூட்டம் நோட்டில்தான் நடக்கும். கிளார்க் பைக்கில் நோட்டைக் கொண்டு வீடு வீடாக வருவார். வயலில் நிற்கிற மெம்பர் வரப்பில் வைத்துப் போடுவார். கடையில் இருக்கிற மெம்பர் தராசுக்குப் பக்கத்தில் வைத்துப் போடுவார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அதன் மேல் போட வேண்டும். இது திருட்டுத்தனம் என்று யாரும் நினைத்ததில்லை. அவரவர் வேலை கெடாமல் வீட்டுக்கே வருகிறாரே என்று நல்லதாகத்தான் நினைத்தோம். வெயிலில் வருகிற மனுசனுக்கு நான் மோர் கொடுப்பேன்.

அந்த நாள் எந்த மாதம் என்று நினைவில் இல்லை. கார் நெல் அறுப்பு முடிந்திருந்தது. நான் உரலில் மாவு வழித்துக்கொண்டிருந்தேன். பைக் வந்து நின்றது. எஞ்சினை அணைக்கவில்லை.

“மெம்பரம்மா, ஒரு கையெழுத்து. யூனியன் ஆபீசுல இன்னைக்கே குடுக்கணும்.”

“மாவுக் கையா இருக்கு.”

“தொடச்சிட்டுப் போடுங்க. சட்டுன்னு வாங்க, நேரமாவுது.”

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனேன். நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், உதடு அசையும். சின்னப் பிள்ளை வாசிப்பதுபோல் இருக்கும். அதனால் அடுத்தவர் முன்னால் நான் எதையும் வாசிப்பதில்லை. பஸ் போர்டைக்கூடத் தெரிந்தமாதிரி பார்த்துவிட்டுப் பக்கத்தில் ஏறுகிறவளைக் கேட்டுக்கொள்வேன். அன்றைக்கு முதல் வரியை மட்டும் கண்ணால் கூட்டினேன். தெருவிளக்குப் பராமரிப்பு என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னும் நிறைய இருந்தது. கிளார்க் பேனாவை நீட்டிக்கொண்டே நின்றார்.

“எப்பவும் உள்ளதுதான் மெம்பரம்மா.”

பென்சில் குறிக்கு மேல் போட்டேன். எனக்கு மேலே நாலு பேர் போட்டிருந்தார்கள். அவர் மோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எப்போதும் குடிப்பார். இதை அப்போது நான் யோசிக்கவில்லை.

சில மாதம் கழித்து, எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ரோட்டோரம் இருந்த வயலை பிரசிடெண்டு ஏற்கனவே பிளாட்டாகப் போட்டுக் கல் நட்டிருந்தார். ஊர் நகரமாகிவிட்டால் நூறு நாள் வேலை கிடையாது, அது கிராமத்துக்கு மட்டும் உள்ளது என்று ரேஷன் கடையில் ஒருத்தி சொன்னாள். அன்று சாயங்காலமே என் ஓரகத்தி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள்.

“யக்கா, நெசமா? ஒனக்குத் தெரியாம நடக்காதுல்லா? மெம்பரக் கேக்காம எப்படிச் சேப்பான்?”

“கேக்காம சேக்க மாட்டாவ,” என்று சொன்னேன். அப்படித்தான் நம்பினேன்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு ஊரே திரண்டது. பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நாங்கள் பெண்கள் எல்லாரும் நூறு நாள் வேலை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தோம். என் ஓரகத்திக்குத் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அதனால் என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், பிடித்த கையை எடுக்கவே இல்லை. மேலே இருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

“ஊர் வளரணும்னா சேரணும். ரோடு வரும், லைட்டு வரும். இப்போ ஒன்பது மெம்பர் செய்யுறதை அங்கே ஒரே கவுன்சிலர் செய்வார். இத்தனை பேர் எதுக்கு?”

“அந்தக் கவுன்சிலரு எங்க தெருவா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“தெருவுக்கு ஒருத்தர் கொடுக்க முடியுமா அம்மா? அஞ்சு ஊருக்கு ஒருத்தர் வருவார்.”

“அப்போ நாங்க அஞ்சு ஊரு நடக்கணுமா? எங்களக் கேக்காம யாரு முடிவு பண்ணுனா? நாங்க ஒத்துக்கல, எழுதுங்கய்யா!”

கூட்டம் கத்தியது. அதிகாரி பக்கத்தில் இருந்த கிளார்க்கிடம் நோட்டை வாங்கினார். பக்கத்தைப் புரட்டினார்.

“உங்க ஊராட்சி மன்றம் ஆட்சேபணை இல்லைன்னு ஏற்கனவே தீர்மானம் போட்டிருக்கு. மூன்றாவது தீர்மானம். ஒன்பது உறுப்பினர்ல அஞ்சு பேர் கையெழுத்து இருக்கு.”

பெயர்களை வாசித்தார். நாலு பெயர் ஆண்கள். அவர்களில் ஒருவரும் கூட்டத்துக்கு வரவில்லை. ஐந்தாவதாக என் பெயரை வாசித்தார். அச்சில் வராத என் பெயரை மைக்கில் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

என் தோளில் இருந்த கை இறங்கியது. தட்டிவிடவில்லை, பைய எடுத்துக்கொண்டாள். பின்னால் ஒருவன், “வாயத் தொறக்க மாட்டா வாயத் தொறக்க மாட்டான்னு சொன்னிய, கையால முடிச்சிட்டால்லா வே!” என்றான். சிலர் சிரித்தார்கள். சிலர் என்னைத் திட்டினார்கள்.

நான் எழுந்து நின்று, ஐயா நான் வாசிக்காமல் போட்டேன், என் கையெழுத்தை எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நெஞ்சுக்குள் அப்படியே வரிசையாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. நான் எழுந்திருக்கவில்லை. வாசிக்காமல் போட்டேன் என்று சொல்ல வெட்கம், சொல்லாமல் இருக்கவும் வெட்கம். தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள் என்று ஒரு வரி எழுதிக்கொண்டு கூட்டத்தை முடித்துவிட்டார்கள். என் ஓரகத்தி எழுந்திருக்க வேறு ஒருத்தியின் கையைப் பிடித்தாள்.

ஒரு வாரம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு ஒரு நாள் காலையில் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கையில் கிண்ணம் எதுவும் இல்லை.

“வாசிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டியா?”

“இல்ல.”

“வாசிச்சிருந்தா போட்டிருக்க மாட்டியா?”

நான் யோசித்தேன். பைக் அணையாமல் நிற்கிறது. அந்த மனுசன் பேனாவை நீட்டிக்கொண்டு நிற்கிறார். என் உதடு அசைந்து அசைந்து மூன்றாவது தீர்மானத்துக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் நான் மாட்டேன் என்று சொல்லியிருப்பேனா?

“போட்டிருப்ப யக்கா,” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. “ஒன்ன எனக்குத் தெரியும்.”

எங்கள் பதவிக்காலம் முடிந்ததும் ஊரைச் சேர்த்துவிட்டார்கள். ஊராட்சி ஆபீஸ் பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாத்தி வைத்திருக்கிறார்கள். தேர்தல் இன்னும் வரவில்லை, அதிகாரிதான் பார்க்கிறார். ஒரு மெம்பரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. தெருப் பெண்கள் உறைமோர் கேட்டு வருவது நின்றுவிட்டது. மோர் அவரவர் வீட்டில் இருக்கிறதோ என்னவோ. சந்துமுனையில் விளக்கு எரியாமல் இருக்கிறது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

என் ஓரகத்தி ஒரு தடவை நகராட்சி ஆபீசுக்குத் தனியாகப் போனாள். எந்த ஜன்னல் என்று தெரியாமல் நாலு இடத்தில் நின்றிருக்கிறாள். இந்த அட்டை இனிமேல் செல்லாது என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஏரியாவில் பொறுப்பான ஆள் யாரும் இல்லையா, கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்களாம். “ஒருத்தி இருந்தா,” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, அவள் மருமகள் தெருவில் சொல்லிக் கேட்டேன்.

இப்போது டவுணில் ஒரு ஓட்டலில் வெங்காயம் உரிக்கப் போகிறாள். காலை முதல் பஸ். பஸ் படி உயரம். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி வைத்து, மற்றக் காலை இழுத்து ஏறுவாள். கண்டக்டர் விசில் அடிப்பார். நான் வாசல் தெளிக்கிற சாக்கில் நின்று பார்ப்பேன். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு நாள் மட்டும் பஸ்ஸுக்குப் போகிற வழியில் நின்று, “பேசத்தான் மாட்ட, எழுதவாது செய்யேன்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதனால்தான் எழுதினேன்.

இதைப் படிக்கிறவர்களில் சட்டம் தெரிந்தவர்கள் இருந்தால் சில விவரங்களைச் சரிபார்த்துத் தர வேண்டும். ஒன்பது வார்டுதானா, அந்த நோட்டில் இருந்தது மூன்றாவது தீர்மானம்தானா என்று நோட்டைப் பார்த்தால் தெரியும். எனக்கு அங்கே போய்க் கேட்கத் தைரியம் இல்லை. இன்னொன்றுதான் முக்கியம். ஒன்பதில் நாலு பேர் போட்டால் தீர்மானம் செல்லுமா, ஐந்து பேர் போட்டால்தான் செல்லுமா? மூன்று பேர் போதும் என்று ஒருவர் சொல்கிறார். மெம்பர்கள் யாருமே கையெழுத்துப் போடாவிட்டாலும் அரசாங்கம் நினைத்தால் சேர்த்துவிடும் என்று இன்னொருவர் சொல்கிறார். ஐந்து வேண்டும் என்றால் அவள் வேலையைப் போக்கியது என் கை. வேண்டாம் என்றால், அத்தனை வருசம் நான் மெம்பராக இருந்ததும் இல்லாததும் ஒன்றுதான். எது உண்மையானாலும் சரி, ஒரு தாளில் தெளிவாக எழுதித் தாருங்கள். எழுத்துக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் நானே வாசித்துக்கொள்கிறேன்.